முட்டுக்காட்டு வீடுகள்

புதுச்சேரி நகருக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் அமைந்துள்ள ஊர் பொம்மையார்பாளையம். மேற்கே செம்மண் மேடு. கிழக்கே வங்கக் கடல். இரண்டிற்கும் இடையே தென்னையும் சவுக்கும் வளர்ந்த மணற்பரப்பு. பொம்மபுரம் என்னும் பெயரால் வீரசைவ மடத்தின் வரலாற்றிலும் இவ்வூர் இடம் பெற்றுள்ளது. ஆயினும், இவ்வூரின் கடலோரத்தில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது மடமும் அன்று, மேடும் அன்று. அலை அரித்துத் தின்ற கரையே முதலில் படும். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980-களின் பிற்பகுதியில் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடைப்பட்டது. மணல் வந்து சேராத வடகரையைக் கடல் சிறிது சிறிதாக உள்வாங்கி வருகிறது என்பது கடலியல் அறிஞர் கண்ட முடிபு.

கற்கோயில் ஒன்று இடிந்தால் கல்லேனும் எஞ்சும்; கல்வெட்டு இருந்தால் அதைப் படித்து நூற்றாண்டையும் அரசனையும் அறியலாம். கோட்டை பாழடைந்தால் அதன் அடித்தளம் நிற்கும். ஆனால் பனங்கையும் கீற்றும் மண்ணும் கொண்டு எழுப்பிய ஒரு குடும்பத்தின் வீட்டைக் கடல் கொண்டு போனால், மறுநாள் அங்கே வெறும் மணல்தான் இருக்கும். அந்த வீட்டில் எத்தனை தலைமுறையினர் வாழ்ந்தனர், எவ்வாறு அதனைக் கட்டினர், எதனால் அப்படிக் கட்டினர் என்னும் கேள்விகளுக்கு விடை சொல்ல யாரும், எதுவும் மிஞ்சுவதில்லை.

மாணவ நண்பர்களே, வரலாறு படிக்கும் நாம் அரசர்களின் அரண்மனைகளைப் பற்றிப் படிக்கிறோம். தெய்வங்களின் திருக்கோயில்களைப் பற்றிப் படிக்கிறோம். மக்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றி எத்தனை பக்கம் படித்திருக்கிறோம்? இவ்வெண்ணம் உள்ளத்தை உறுத்தவே, மாணவர் சிலரை உடன் அழைத்துக்கொண்டு, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள ‘தட்சிணசித்ரா’ என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தைக் காணப் புறப்பட்டேன். அங்கே கண்டவற்றையும், கண்டபின் எழுந்த ஒரு கேள்வியையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பொம்மையார்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்லச் செல்லக் காட்சிகள் மாறுகின்றன. காலாப்பட்டைக் கடந்து, அனுமந்தையைத் தாண்டினால் மரக்காணம். சாலையின் ஓரத்தே கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பாத்தி பாத்தியாக உப்பளங்கள். கோடை வெயிலில் அப்பாத்திகளில் உப்பு விளைந்து, வெண்குவியல்களாக வரப்புகளில் நிற்கும் காட்சியைக் கண்டோர் மறவார். கிரேக்க மாலுமி ஒருவன் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்புளூசு என்னும் கடற்பயண நூலில் ‘சோபட்மா’ என்றொரு துறைமுகம் குறிக்கப்படுகிறது. அது இன்றைய மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இப்பகுதியில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் முட்டுக்காட்டுக் கழியையும் சென்னையையும் கடந்து ஆந்திரக் கரை வரை செல்கிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இவ்வழியே சென்றன. ஆகவே, மரக்காணத்திற்கும் முட்டுக்காட்டிற்கும் உள்ள உறவு புதியது அன்று.

வழியில் மாமல்லபுரத்தில் இறங்கினோம். அங்கே ஐந்து இரதங்களுள் திரௌபதி இரதம் எனப் பெயர் பெற்ற சிறு கற்றளியின் முன் சிறிது நேரம் நின்றோம். ஏன் நின்றோம் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

திறந்தவெளி அருங்காட்சியகம் என்பது என்ன? கண்ணாடிப் பேழைக்குள் நாணயத்தையும் சிலையையும் வைத்துக் காட்டுவது நாம் அறிந்த அருங்காட்சியகம். வீட்டைப் பேழைக்குள் வைக்க இயலாது. ஆகவே ஒரு பெருவெளியில் வீடுகளையே கொண்டுவந்து நிறுத்தி, அவற்றினுள் மக்களை நடமாடச் செய்யும் முறை ஐரோப்பாவின் வடபகுதியில் தோன்றியது. 1881-ஆம் ஆண்டில் இரண்டாம் ஆசுகர் மன்னர் நார்வே நாட்டின் பழைய மரக்கட்டடங்கள் சிலவற்றை ஆசுலோ நகருக்கு அருகில் சேர்த்து வைத்தார். பத்தாண்டு கழித்து, 1891-இல், ஆர்தர் ஹேசீலியசு என்பவர் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ‘ஸ்கான்சென்’ என்னும் அருங்காட்சியகத்தைத் திறந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து உழவர் வீடுகளை அவர் பெயர்த்துக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகள் பெருகி, சிற்றூர் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. தம் கண் முன்னே ஒரு வாழ்க்கை மறைவதைக் கண்டவரே இத்தகைய செயலில் இறங்குவர் என்பதை இவ்வாண்டுகள் நமக்குக் கூறுகின்றன.

நம் நாட்டிலும் அத்தகைய காலம் வந்தது. 1972-இல் தில்லியில் நடந்த கண்காட்சிக்காக எழுப்பிய சிற்றூர் வீடுகள் பின்னர்க் கைவினை அருங்காட்சியகத்தின் பகுதியாயின. போபால் நகரில், சியாமளாக் குன்றின்மேல், ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் அமைந்த இந்திரா காந்தி தேசிய மானிட அருங்காட்சியகத்தில் பழங்குடி மக்கள் தம் கைகளாலேயே கட்டிய வீடுகளைக் காணலாம். தென்னாட்டு வீடுகளுக்கென அமைந்தது முட்டுக்காட்டு அருங்காட்சியகம். 1984-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேசன் என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. அதன் நிறுவனர் டெபோரா தியாகராஜன். செலவு குறைந்த எளிய வீடுகளால் கேரளத்தில் பெரும்புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதற்கு அமைப்புத் திட்டம் வகுத்தார். பென்னி குரியகோசு என்னும் கட்டடக் கலைஞர் பணியை முன்னின்று நடத்தினார். 1996 டிசம்பர் 14-ஆம் நாள் இது மக்களுக்குத் திறக்கப்பெற்றது. பத்து ஏக்கர் நிலத்தில் தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம், தெலங்கானம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த பதினெட்டு வீடுகள் இங்கே உள்ளன.

முதலில் கேரள வீடுகளைக் காண்போம். கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பெற்றது அது. கூரை செங்குத்தாகச் சரிகிறது. இறவாணம் தாழ்ந்து சுவரை மூடுகிறது. உள்ளே செல்பவர் எதிரில் காண்பது நெல்லைச் சேர்த்து வைக்கும் மரக் களஞ்சியம். கேரளத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அம்மழை கூரையில் தங்காமல் ஓட வேண்டும். சுவரில் படாமல் விலக வேண்டும். கூரையின் சரிவுக்கும் இறவாணத்தின் தாழ்வுக்கும் காரணம் இதுவே. காடு அளித்த மரம் சுவராகவும் தூணாகவும் உத்தரமாகவும் நிற்கிறது.

அங்கிருந்து சில அடி நடந்தால் கருநாடகத்தின் வடபகுதியைச் சேர்ந்த இல்கல் நெசவாளர் வீடு. இங்கே கூரை சரியவில்லை, தட்டையாகக் கிடக்கிறது. சுவர் முழுதும் கல். அதுவும் பருத்த கல். அந்நிலத்தில் பெய்யும் மழை கேரளத்து மழையில் நான்கில் ஒரு பங்கையும் எட்டாது, வெயிலோ மிகுதி. பருத்த கற்சுவர் பகலின் வெப்பத்தை உடனே உள்ளே விடாமல் தாங்கிக்கொள்ளும். வீட்டினுள் தரையில் குழி தோண்டி அமைத்த தறி இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டிலும் தறியே தலைமை பெறுகிறது. தறிக்கும் பாவுக்கும் இடம் விட்டு, எஞ்சிய இடத்தில் குடும்பம் வாழ்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. நிலமும் வானமும் வீட்டின் உடலை வகுத்தன. தொழில் அதன் உள்ளமைப்பை வகுத்தது.

தமிழகப் பகுதியில் செட்டிநாட்டு வணிகர் வீடு உயர்ந்து நிற்கிறது. முகப்பைக் கடந்தால் வளவு, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை என்பது அவ்வீடுகளின் முறை. பருத்த தேக்குத் தூண்கள் பர்மா நாட்டுக் காடுகளில் வளர்ந்தவை. கடல் கடந்து சென்று பொருளீட்டிய நகரத்தாரின் வாழ்வை அத்தூண்களே கூறுகின்றன. இரண்டாம் உலகப் போரில் பர்மா சப்பானியர் வசமான போது அவ்வணிகம் முறிந்தது. பல பெருமனைகளைப் பேணும் வகையின்றி உரியவர்கள் இடித்து, மரத்தையும் கதவையும் விலைக்கு விற்றனர். திருநெல்வேலி மாவட்டத்து ஆம்பூர் அக்கிரகாரத்து வீடோ ஒடுங்கி நீண்டது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். பக்கத்து வீட்டுச் சுவரே இவ்வீட்டுச் சுவர். தெருவின் ஒரு முனையில் நின்றால் திண்ணைகளின் வரிசை மறுமுனை வரை தோன்றும்.

இவ்வீடுகள் எவ்வாறு இங்கு வந்தன? பழைய வீட்டை உரியவர் இடிக்க எண்ணும் செய்தி கிடைத்ததும், அருங்காட்சியகத்தார் சென்று அதனை விலைக்கு வாங்குகின்றனர். முதலில் வீடு முழுவதையும் அளந்து வரைபடம் எழுதுகின்றனர். பின்னர் ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்திற்கும் பலகைக்கும் எண் இட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, வண்டியில் ஏற்றி வருகின்றனர். அந்தந்த நாட்டு மரபறிந்த தச்சரும் கொத்தரும் உடன் வந்து மீண்டும் பூட்டி நிறுத்துகின்றனர். ஆணியின்றி, காடியும் கழுந்தும் கொண்டு மரத்தோடு மரத்தைப் பொருத்திய வேலையாதலின், கழற்றவும் முடிகிறது. திரும்பப் பூட்டவும் முடிகிறது. பூட்டும் கை இல்லையேல் கழற்றிய மரம் விறகாகும். ஆகவே இவ்வருங்காட்சியகம் காத்தது மரத்தை மட்டும் அன்று. அதனைப் பூட்டத் தெரிந்த கையின் அறிவையும் சிறிது காலம் நீட்டித்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளை நாம் நெஞ்சில் இருத்த வேண்டும். முதலாவது: ‘மரபு’ என்றவுடன் அது என்றும் மாறாது இருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. செட்டிநாட்டுத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதைக் கண்டோம். தென்னாட்டு வீடுகள் பலவற்றில் நாம் காணும் மங்களூர் ஓடு, பாசல் மிசனைச் சேர்ந்தவர்கள் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பின்னரே பரவியது. நம் கடற்கரைக் குடிசைகளின் கம்பமாகிய சவுக்குமரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோப்பாக நடப்பெற்ற பின்னரே இக்கரையில் பெருகியது. புதியதைத் தன் தேவைக்கு ஏற்ப வாங்கிக்கொண்ட மரபே நிலைத்து வாழ்ந்தது.

இரண்டாவது எச்சரிக்கை: அருங்காட்சியகத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில அடிகளே. அக்கிரகாரத்து வீட்டிலிருந்து குயவர் வீட்டிற்கும், கூடை முடைவோர் வீட்டிற்கும் ஒரு மாணவி அரை நிமிடத்தில் நடந்து செல்லலாம். பழைய ஊரில் அத்தொலைவை அவ்வளவு எளிதில் கடக்க இயலாது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யார் எந்தத் திண்ணையில் அமரலாம், எவர் எந்த வாயில் வழியே வரலாம் என்பதையெல்லாம் பிறப்பே தீர்மானித்த காலம் அது. வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவரலாம்; அவ்வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே நின்ற கண்ணுக்குத் தெரியாத சுவரைப் பெயர்த்துக் கொண்டுவர இயலாது. அதனை நம் அறிவினால் நிரப்பிக்கொண்டே பார்க்க வேண்டும். அழகை வியப்பதோடு நின்றுவிடுபவன் வரலாற்று மாணவன் ஆகான்.

இவ்வாறு வீடு வீடாகக் கண்டு வருகையில், கடலோரக் குப்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், “ஐயா, எங்கள் வீடு இங்கே எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டவன் அல்லன். ஆந்திரக் கடற்கரைப் பகுதிக்கு அவனை அழைத்துச் சென்று, விசாகப்பட்டினப் பக்கத்து மண்வீட்டைக் காட்டினேன். ‘சுட்டில்லு’ என்று தெலுங்கில் வழங்கும் வட்ட வடிவமான வீடு அது. வட்டமான மண்சுவர், அதன்மேல் குவிந்து இறங்கும் கீற்றுக் கூரை. புயற்காற்று மூலைச்சுவரில் மோதித் தள்ளுவதைப் போல வட்டச்சுவரில் மோதித் தள்ள இயலாது; இருபுறமும் வழுகிச் செல்லும். புயல் மிகுந்த கரையில் மக்கள் பட்டறிவால் கண்ட வடிவம் அது. மாணவன் அதனை ஆர்வத்தோடு பார்த்தான். ஆனால், அது அவன் உறவினர் வீடே அன்றி அவன் வீடு அன்று. அவன் கேள்வி அப்படியே நின்றது.

அக்கேள்வியை ஆராய்வோம். திறந்தவெளி அருங்காட்சியகத்திற்குப் பெயர்த்து வருவதற்கு ஏற்ற வீடு எது? தேக்கும் பலாவும் கல்லும் கொண்டு கட்டிய வீடு. நெடுநாள் நிற்கும் வீட்டைக் கட்டும் வசதி யாருக்கு இருந்ததோ, அவர்களுடைய வீடே எஞ்சியது. எஞ்சிய வீட்டைத்தான் பெயர்க்க முடியும். மண்ணும் கீற்றும் கொண்ட வீட்டைப் பெயர்த்தால் கையில் வருவது மண்ணும் கீற்றும் மட்டுமே. அத்தகைய வீட்டைப் புதிதாகக் கட்டித்தான் காட்ட வேண்டும். தொல்பொருள் ஆராய்ச்சியிலும் இதே நிலைதான். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள செங்கற் கட்டடத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அதனைப் பண்டகசாலை என்று அவர் கருதினார். அப்பண்டகசாலைக்குச் சரக்குச் சுமந்தவர்கள் எங்கே உறங்கினார்கள்? அவர்கள் உறங்கிய கூரை மண்ணோடு மண்ணாயிற்று. மிகுதியான மக்கள் எந்த வீட்டில் வாழ்ந்தனரோ அந்த வீடே மிகக் குறைவான தடயத்தை விட்டுச் செல்கிறது. வரலாறு படிப்போர் ஒருபோதும் மறக்கலாகாத உண்மை இது.

ஆயினும் அந்தக் குடில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதனைக் காத்தவர் இருவர்: ஒருவர் புலவர், மற்றொருவர் சிற்பி.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியை ஒரு பாணனுக்குக் கூறுவது அந்நூல். வழிநெடுக உள்ள குடியிருப்புகளை அப்புலவர் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிச் செல்கிறார். உமணரின் உப்பு வண்டிகளின் மேற்கூரையையும் அவர் விடவில்லை. எயினர் குடில் ஈந்தின் இலையால் வேயப்பட்டது என்று கூறி, அக்கூரைக்கு முள்ளம்பன்றியின் முதுகை உவமை சொல்கிறார். வலைஞர் வாழும் குடிலைக் கூறும் இடமோ ஒரு கட்டடக் குறிப்பேடு போலவே உள்ளது. வேழக்கோலை வரிசையாக நிறுத்துவதும், வெண்ணிறக் கழிகளை இடையே கலப்பதும், தாழை நாரால் கட்டுவதும், தருப்பைப் புல்லால் வேய்வதும், இறவாணம் குறுகி இருப்பதும், முற்றத்தில் மீன்பிடிக்கும் பறி கிடப்பதும் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. சுவருக்கு என்ன பொருள், கட்டுக்கு என்ன பொருள், கூரைக்கு என்ன பொருள் என்று முறைப்படி எழுதப்பெற்றிருப்பதால், இன்றும் ஒருவர் அதனைக் கொண்டு அக்குடிலைத் திரும்பக் கட்டலாம். அரிக்கமேட்டு மண் காக்காததை ஒரு புலவரின் சொல் காத்தது.

இனி, மாமல்லபுரத்தில் நாங்கள் நின்ற காரணத்தைக் கூறுகிறேன். திரௌபதி இரதம் ஒரே பாறையில் செதுக்கியது. பல்லவர் காலமாகிய ஏழாம் நூற்றாண்டினது. அதன் கூரையை உற்று நோக்குங்கள். நான்கு புறமும் வளைந்து இறங்கும் அவ்வடிவம் புல் வேய்ந்த குடிலின் வடிவமே. அழியும் பொருளால் ஆன குடிலைப் பார்த்து, அழியாத கல்லில் சிற்பி செதுக்கினான். கொற்றவைக்குக் கல்லால் கோயில் எடுக்க முற்பட்டவனுக்கு, உழவனும் வலைஞனும் வாழ்ந்த குடிலே முன்மாதிரியாயிற்று. குடிசை என்று நாம் எளிதாகக் கூறிக் கடந்து செல்லும் அந்த வடிவத்திலிருந்தே நம் கோயிற்கலையின் ஒரு கிளை முளைத்தது என்பதற்கு அக்கல் சான்று.

அப்படியானால், ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டிய குடில் இத்தனை நூற்றாண்டுகள் எவ்வாறு நிலைத்தது? அதன் பொருள் நிலைக்கவில்லை. அதனைக் கட்டும் அறிவு நிலைத்தது. கீற்று முடைவதைத் தாயிடம் மகள் கற்றாள். கம்பம் நடுவதையும் கூரை கட்டுவதையும் தந்தையிடம் மகன் கற்றான். பனைமரத்தில் எந்த மரம் வைரம் பாய்ந்தது, கூரையை எவ்வளவு தாழ்த்தினால் கடற்காற்று அதனைத் தூக்காது, உப்புக் காற்றில் எந்தக் கயிறு நெடுநாள் உழைக்கும் என்பவையெல்லாம் ஏட்டில் எழுதாத பாடங்கள். கூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அப்பாடம் மீண்டும் படிக்கப்பெற்றது. தேக்கு வீட்டில் அறிவு மரத்தினுள் உறைந்து கிடக்கிறது. கீற்று வீட்டில் அது கைகளில் உயிரோடு இருக்கிறது. கைகள் ஓய்ந்தால் அதுவும் ஓயும்.

அக்கைகள் இப்போது ஓய்ந்து வருகின்றன. அதற்காக யாரையும் குறை கூற இயலாது. கீற்று வீட்டில் வாழ்ந்தவர்க்கே அதன் துன்பம் தெரியும். ஒரு பொறியில் தெருவே எரியும், மழைக்காலத்தில் ஒழுகும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. இவற்றிற்குப் பின் உறுதியான வீட்டை மக்கள் விரும்பியது முற்றிலும் நியாயமே. 2030-க்குள் குடிசைகளுக்கு மாற்றாக எட்டு லட்சம் வீடுகள் கட்டும் நோக்கத்துடன் தமிழக அரசு 2024-இல் ஒரு திட்டம் வகுத்தது. ஏழைகள் குடிசையில் வாழ்ந்தால்தான் மரபு வாழும் என்று வசதியான வீட்டில் இருந்துகொண்டு கூறுவது அறமாகாது. பொம்மையார்பாளையத்தை அடுத்த ஆரோவில்லில், மண்ணை அழுத்திச் செய்த கற்களைக் கொண்டு உறுதியான வீடுகள் கட்டும் ஆராய்ச்சியும் பயிற்சியும் நடைபெற்று வருகின்றன. பழைய பொருளைப் புதிய அறிவோடு சேர்க்கும் வழியும் உண்டு என்பதற்கு அதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

வீடு மாறட்டும், மாறுவது வாழ்வின் இயல்பு. ஆனால் மாறுவதற்கு முன் எழுதி வைக்க வேண்டும். ஹேசீலியசு செய்தது போலப் பெருவெளியும் பெரும்பொருளும் இதற்கு வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், ஓர் அளவு நாடாவும், பெரியவர்களிடம் பணிந்து கேட்கும் நாவும் போதும். உங்கள் ஊரில் எஞ்சியுள்ள ஒரு பழைய வீட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். வாயில் எந்தத் திசை, தூண் எந்த மரம், கூரையின் சரிவு எவ்வளவு, இறவாணம் தரையிலிருந்து எத்தனை அடி என்று குறியுங்கள். அவற்றைவிட முதன்மையானது ஒன்று உண்டு: வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அவ்வீட்டார் வழங்கும் பெயரைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். பனங்கை, வாரை, முகட்டுவளை, இறவாணம், தாழ்வாரம், நடை என்னும் சொற்களுள் எத்தனையை உங்களுக்குப் பின் வருவோர் அறிவர்? பொருள் மறைந்தபின் சொல்லும் மறையும். சொல்லும் மறைந்துவிட்டால், அப்படி ஒன்று இருந்தது என்பதையே யாரும் அறியார்.

அன்று முட்டுக்காட்டிலிருந்து திரும்புகையில், கேள்வி கேட்ட மாணவன் வழியெல்லாம் மிகுதியாகப் பேசவில்லை. சில நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். அவனுடைய பாட்டி வாழ்ந்த வீட்டின் படம் அதில் இருந்தது. அந்த வீடு இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் கடல் இருக்கிறது. பாட்டியை அருகில் அமர்த்தி, அவர் சொல்லச் சொல்ல வரைந்திருந்தான். கம்பம் எத்தனை, அடுப்பு எந்த மூலையில், வலை உலர்த்திய இடம் எது, விளக்கு மாடம் எது என்று ஒவ்வொன்றிற்கும் பாட்டி சொன்ன பெயரையே எழுதியிருந்தான். கோடுகள் சற்றுக் கோணலாகத்தான் இருந்தன; அளவுகள் நினைவிலிருந்து சொன்னவை. ஆயினும், கடல் கொண்டுபோன ஒரு வீடு அத்தாளில் மீண்டும் நின்றது. அவன் கேட்ட கேள்விக்கு விடையை அவனே எழுதிவிட்டான். அத்தகைய தாள் ஒன்றை நீங்களும் எழுதுங்கள். பாட்டிமார் நம்மோடு இருக்கும்போதே எழுதுங்கள்.